மூளையில் டிபி: மாத்திரை சாப்பிடும்போதே புதுக் கட்டி வருமா?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். மேலூர் பக்கம் விவசாயம் பார்க்கிறேன். என் மகனுக்கு 20 வயது, மதுரையில் கல்லூரியில் படிக்கிறான். மூன்று வாரமாகத் தலைவலி, சாயங்காலமானால் காய்ச்சல், அப்புறம் வாந்தி. ஒரு நாள் ஆள் தெரியாமல் உளற ஆரம்பித்ததும் மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதுகில் நீர் எடுத்துப் பார்த்து மூளை உறையில் டிபி என்றார்கள். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிதான் என்று பரிசோதனையில் வந்தது. டிபி மாத்திரையும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் எழுந்து நடந்தான். மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை, நானே கையில் எடுத்துக் கொடுக்கிறேன். ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வந்தார்கள். இப்போது இரண்டாவது மாதம் முடிகிற நேரத்தில் மறுபடி தலைவலி. பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறான். ஸ்கேனில் முன்பு இல்லாத சின்னச் சின்னக் கட்டிகள். டாக்டர் டிபி மாத்திரையை மாற்றவில்லை, ஸ்டீராய்டை மட்டும் கூட்டிவிட்டார். 'எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்தைக் கிருமி இருக்கிறவனுக்குக் கொடுத்தால் கட்டி வராமல் என்ன செய்யும்?' என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அதை நிறுத்திவிட்டு எதிர்ப்பு சக்திக்கு ஒரு லேகியம் கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவன் அடுத்த மாதம் பரீட்சை எழுத முடியுமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: ஐயா, முதலில் ஸ்டீராய்டை நிறுத்தாதீர்கள். இன்றைக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையைக் கொடுத்துவிட்டு மீதியைப் படியுங்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவரின் உடம்பு, தானாகச் சுரக்க வேண்டிய அந்த ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே துவண்டுவிடலாம். மூளைக்குள் அடங்கியிருக்கிற வீக்கமும் அதே வேகத்தில் திரும்பும்.

உங்கள் சொந்தக்காரர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் என்பது உண்மை. அதைக் குறைக்க வேண்டும் என்றுதான் கொடுக்கிறோம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்துவிட்டால், இனி யார் வந்து என்ன சொன்னாலும் நீங்கள் தடுமாற மாட்டீர்கள்.

டிபி கிருமி மூச்சு வழியாகத்தான் உடம்புக்குள் வருகிறது. உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது எப்போதோ தொற்றியிருக்கிறது. அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறுகிறது. மற்றவர்கள் உடம்பு அதைச் சுற்றி வளைத்து அடக்கிவைத்துவிடுகிறது. ஆனால் தொற்றிய ஆரம்ப நாட்களில் சில கிருமிகள் ரத்தத்தில் கலந்து வேறு உறுப்புகளுக்கும் போய்விடும். மூளையின் மேற்பரப்புக்கோ உறைக்கோ வந்து சேர்ந்தவை அங்கே கடுகளவு புண்ணாக மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ சத்தமில்லாமல் கிடக்கலாம். அப்படிப்பட்ட ஒரு சிறு புண் உடைந்து, மூளையைச் சுற்றியுள்ள நீரில் கிருமி கலக்கும்போதுதான் மூளை உறைக் காசநோய் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆர்னால்ட் ரிச், ஹோவர்ட் மெக்கார்டக் என்ற இருவர் இறந்தவர்களின் மூளையைத் தேடித்தேடிப் பார்த்து 1933ல் இதை எழுதினார்கள். அதனால் தம்பிக்கு 'இது எங்கிருந்து, எப்போது வந்தது?' என்று தேடி யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது.

நீரில் கலந்த கிருமியை முதலில் எதிர்கொள்பவை மூளையின் சொந்தக் காவல் செல்களான மைக்ரோகிளியா. அவை கிருமியை விழுங்கிவிடுகின்றன. ஆனால் டிபி கிருமிக்கு, விழுங்கிய செல்லுக்குள்ளேயே உயிரோடு இருக்கத் தெரியும். அதைக் கொல்ல முடியாத செல் உதவிக்கு ஆள் கூப்பிடுகிறது. டிஎன்எஃப், இன்டர்லூக்கின் என்று பல ரசாயனங்களைச் சுரந்து வெளியே விடுகிறது. வழக்கமாக மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் மிக இறுக்கமானது, ரத்தத்தில் இருக்கும் பலவற்றை உள்ளே விடாது. இந்த ரசாயனங்கள் அந்தச் சுவரை இளக வைக்கின்றன. ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் கூட்டமாக உள்ளே வருகின்றன. அவற்றில் ஒரு வகையான டி செல்கள் வந்து இன்டர்ஃபெரான் காமா என்ற இன்னொரு ரசாயனத்தைச் சுரந்து, விழுங்கிய செல்களை மேலும் முடுக்கிவிடுகின்றன. திசுவைக் கரைக்கும் நொதிகளும் வெளியேறுகின்றன. கிருமியைக் கொல்ல இவ்வளவும் வேண்டும்தான். நுரையீரலில் இதே சண்டை நடந்தால் கொஞ்சம் இடம் தழும்பாகிப் போகும், மிச்சத்தை வைத்து மூச்சு விடலாம். மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லை, விட்டுக்கொடுக்க உபரித் திசுவும் இல்லை.

இந்தச் சண்டையில் கசிவது எல்லாம் மூளையின் அடிப்பாகத்தில் முருங்கைப் பிசின் போலக் கெட்டியாகச் சேர்கிறது. டாக்டர்கள் அந்த இடத்தைத்தான் ஸ்கேனில் முதலில் பார்ப்பார்கள், ஏனென்றால் அங்கே முக்கியமான மூன்று விஷயங்கள் நெருக்கமாக இருக்கின்றன. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள் அந்தப் பிசினுக்குள் சிக்கினால் அவற்றின் சுவர் வீங்கி உள்ளே அடைத்துக்கொள்ளும். இருபது வயதுப் பிள்ளைக்குப் பக்கவாதம் வருவது இப்படித்தான். மூளை நீர் ஓடும் வழி அடைபட்டால் உள்ளே நீர் கோத்து அழுத்தம் ஏறும். கண்ணை அசைக்கும் நரம்புகள் சிக்கினால், அல்லது அந்த அழுத்தம் அவற்றை இழுத்துப் பிடித்தால், பார்வை இரண்டாகும். உங்கள் மகனுக்கு நடந்திருப்பது இந்தக் கடைசி வகை. இந்தச் சேதத்தில் பெரும்பகுதியைச் செய்வது கிருமியின் பல்லோ நகமோ இல்லை, அதை எதிர்த்து உடம்பு நடத்தும் சண்டைதான். கிருமியை நிறுத்த டிபி மாத்திரை வேண்டும். சண்டையைக் கட்டுக்குள் வைக்க ஸ்டீராய்டு வேண்டும். ஒன்றை வைத்து இன்னொன்றை ஈடுகட்ட முடியாது.

எதிர்ப்பு சக்தி கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அது அவ்வளவு எளிதில்லை. முடக்குவாதத்துக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசி போடுகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு உள்ளே அடங்கிக் கிடந்த டிபி கிளம்பிவிடுகிறது. அப்படியென்றால் டிஎன்எஃப் குறையக் கூடாது. மறுபக்கம், லலிதா ராமகிருஷ்ணன் என்ற நம் நாட்டில் பிறந்து படித்த விஞ்ஞானியின் குழு, வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் டிபியின் உறவுக்காரக் கிருமியைச் செலுத்திப் பார்த்தது. எதிர்வினை குறைந்த மீனிலும் கிருமி பெருகியது, அளவுக்கு மீறிய மீனிலும் பெருகியது. அளவு மீறும்போது கிருமியைப் பிடித்து வைத்திருக்கும் செல்களே வெடித்துச் செத்து, உள்ளே இருந்ததை வெளியே விட்டுவிடுகின்றன. இந்த எதிர்வினையைக் கூட்டிக் குறைக்கும் ஒரு மரபணு வேறுபாடு மனிதர்களிலும் இருக்கிறது என்று அவர்கள் 2010ல் எழுதினார்கள். அதைப் பார்த்து யாருக்கு ஸ்டீராய்டு, யாருக்கு வேண்டாம் என்று முடிவெடுக்கிற நிலை இன்னும் வரவில்லை. எனக்கு அந்த மீன் ஆய்வு சொல்லும் சேதி போதும்: டிபியில் எதிர்ப்பு கூடக்கூட நல்லது என்று ஒரு கணக்கு கிடையாது.

சரி, ஸ்டீராய்டால் உயிர் பிழைக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுவோம். மூளை உறைக் காசநோய்க்கு 1950களிலேயே இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். உறுதியான பதில் வியட்நாமில் 545 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், 2004ல் கிடைத்தது. எல்லோருக்கும் டிபி மருந்து. பாதிப் பேருக்கு மட்டும் கூடவே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது, ஸ்டீராய்டு இல்லாதவர்களில் நூற்றுக்கு 41 பேரும், அதை எடுத்தவர்களில் நூற்றுக்கு 32 பேரும் இறந்திருந்தார்கள். இந்த எண்கள் ஒரு தகப்பனுக்குக் கனமானவை என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் லேகியம் கொடுக்கச் சொல்பவர்கள் உங்கள் கையிலிருந்து எதை வாங்கப் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்த ஆய்வில் பலர் மயக்க நிலைக்குப் போன பிறகு வந்தவர்கள். இரண்டு வாரத்தில் எழுந்து நடந்த பிள்ளையின் நிலை வேறு.

இனி புதுக் கட்டிகளுக்கு வருகிறேன். கிருமி செத்துக்கொண்டிருக்கும்போதே கட்டி வருமா என்றால், வரும். டிபி கிருமியின் வெளிச்சுவர் மெழுகும் கொழுப்புமாக ஆனது. செத்த பிறகும் அது எளிதில் கரையாது. மருந்து லட்சக்கணக்கில் கிருமிகளைக் கொல்லும்போது அந்தச் சிதைவுகள் அங்கங்கே கிடக்கின்றன, எதிர்ப்பு செல்கள் அவற்றை உயிருள்ள கிருமியைப் போலவே நினைத்துப் பாய்கின்றன. நோய் முற்றியிருந்த நாட்களில் சோர்ந்து கிடந்த எதிர்ப்பு சக்தியும் சிகிச்சையில் தெம்பாகிவிடுகிறது. அந்த நேரத்தில் ஸ்டீராய்டின் அளவும் குறைந்தால், அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த சிறு புண்கள் வீங்கி, ஸ்கேனில் 'டியூபர்குலோமா' என்ற கட்டியாகத் தெரியும்.

செத்த கிருமி இவ்வளவு செய்யுமா என்று சந்தேகம் வரலாம். டிபி கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக், 1890ல் அந்தக் கிருமியிலிருந்து எடுத்த சாறான டியூபர்குலினை நோய்க்கு மருந்து என்று அறிவித்தார். உயிருள்ள கிருமி ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் அதைப் போட்டுக்கொண்ட டிபி நோயாளிகளுக்குக் கடும் காய்ச்சல் அடித்தது, புண் இருந்த இடமெல்லாம் வீங்கிச் சிவந்தது, சிலர் இறந்தே போனார்கள். மூளைக்குள் இப்போது நடப்பதும் அந்த வகைதான், நல்லவேளையாகச் சிறு அளவில். இதை டாக்டர்கள் 'பாரடாக்சிக்கல் ரியாக்ஷன்' என்று சீட்டில் எழுதுவார்கள். மருந்து தொடங்கிச் சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் வருவது வழக்கம், அபூர்வமாக அதற்குப் பின்னும் வரும். டிபி மாத்திரையை மாற்றாமல் ஸ்டீராய்டைக் கூட்டுவதுதான் இதற்கான சிகிச்சை. உங்கள் டாக்டர் செய்திருப்பது அதைத்தான்.

ஆனால் கடிதத்தை வைத்து 'அதுவேதான்' என்று நான் அடித்துச் சொல்லிவிட முடியாது. வேறு காரணங்கள் இல்லை என்று பார்த்த பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும். மருந்துக்கு அடங்காத கிருமியா? பரிசோதனையில் அப்படி இல்லை என்று வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ரிபாம்பிசின், ஐசோனியாசிட் இரண்டும் டிபிக்கான முக்கிய மருந்துகள். அந்தப் பரிசோதனை ரிபாம்பிசினுக்கு மட்டும் பார்த்ததா, ஐசோனியாசிடுக்கும் பார்த்ததா என்று கேளுங்கள். ஐசோனியாசிட் மூளை நீருக்குள் நன்றாகப் போகும் மருந்து, ரிபாம்பிசின் கொஞ்சம்தான் போகும். அதனால் இந்த நோயில் ஐசோனியாசிட் வேலை செய்கிறதா என்பது பெரிய விஷயம். மாத்திரை விட்டுப்போனதா? நீங்களே கையில் கொடுத்ததால் அந்தச் சந்தேகம் இல்லை. (1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியம் என்ற டிபி ஆஸ்பத்திரியில் படுக்க வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் நோயாளி அதே அளவுக்குக் குணமாகிறார் என்று 1959ல் உலகத்துக்குக் காட்டியது. உங்களைப் போன்ற வீட்டு மனிதர்களின் பொறுப்புதான் அதைச் சாத்தியமாக்குகிறது.) தம்பியின் எடை கூடியிருந்தால் மாத்திரை எண்ணிக்கையும் மாற வேண்டும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹெச்ஐவி பரிசோதனை டிபி வந்த எல்லோருக்கும் செய்வது. அதன் முடிவு சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெச்ஐவி இருப்பவர்களுக்கு ஸ்டீராய்டால் கிடைக்கும் பலன் தெளிவாக இல்லை, அவர்களுக்குக் கணக்கே வேறு. ஸ்கேனில் நீர் கோத்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். கோத்திருந்தால் மாத்திரை மட்டும் போதாமல், நீரை வடிக்க ஒரு குழாய் வைக்க வேண்டி வரலாம்.

ஸ்டீராய்டின் அளவு ரொம்ப அதிகமாக இருக்கிறதே என்று யாராவது பயமுறுத்தினால் ஒன்றை நினைவில் வையுங்கள். ரிபாம்பிசின் ஈரலைத் தூண்டி ஸ்டீராய்டை வேகமாக உடைத்துவிடும். உள்ளே போகிற அளவில் முழுப் பலன் கிடைக்காது. அதற்கும் சேர்த்துத்தான் அளவு போடுகிறார்கள். அதற்காக ஸ்டீராய்டு சாதுவான மருந்து என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை ஏறலாம், அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வயிறு எரியும், சாப்பிட்ட பிறகு கொடுங்கள். பசி கூடும், முகம் உப்பும், தூக்கம் கெடும், சிலருக்குக் கோபமும் அழுகையும் வரும். தம்பி வழக்கத்துக்கு மாறாக எரிந்து விழுந்தால் அது அவன் குணம் கெட்டதால் இல்லை. கறுப்பாக மலம் போனால் உடனே காட்டுங்கள்.

லேகியம் வேண்டாம். எதிர்ப்பு சக்தி என்று பெயர் போட்டு விற்கும் பொடி, டானிக் எதுவுமே இப்போது வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்பது பல நேரம் விற்பவருக்கே தெரியாது. ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைராசினமைடு மூன்றும் ஏற்கெனவே ஈரலுக்குச் சுமை. அதன் மேல் இன்னொரு பெயர் தெரியாத பொருளும் சேர்ந்து மஞ்சள் காமாலை வந்தால், டிபி மாத்திரையையே சில நாள் நிறுத்த வேண்டிய நிலை வரும். இந்த நோயில் அது பெரிய ஆபத்து. பசியே இல்லாமல் போவது, ஓயாத குமட்டல், கண் மஞ்சளாவது ஆகியவற்றைக் கண்டால் வீட்டில் கீழாநெல்லி அரைத்துக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது மட்டும் ரிபாம்பிசினால்; அதற்குப் பயப்பட வேண்டாம்.

சாப்பாடு கொடுங்கள், தாராளமாக. முட்டை, மீன், பருப்பு, நிலக்கடலை, பால், வீட்டில் என்ன இருக்கிறதோ அது. இளைத்த உடம்பு தேறுவதற்கு இது மருந்துக்குச் சமம். டிபி நோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் பதிவில் தம்பியின் பெயர் இருந்தால், சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வர வேண்டும். 2018ல் 500 ஆகத் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து இரட்டிப்பாக்கினார்கள். தனியாரிடம் சிகிச்சை பார்ப்பவருக்கும் இது உண்டு. வரவில்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மூளை டிபி அருகில் இருப்பவருக்கு ஒட்டாது. நுரையீரலிலும் இருந்தால்தான் பரவும், அதனால் வீட்டில் எல்லோரும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் அதைக் கட்டாயம் காட்டுங்கள்.

பார்வையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டாகத் தெரிவது வேறு, மங்கலாகத் தெரிவது வேறு. தம்பியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். அப்போது ஒன்றாகத் தெரிந்தால், அது கண்ணை அசைக்கும் நரம்பின் கோளாறு; வீக்கம் வடிய வடியப் பெரும்பாலும் சரியாகும். ஒரு கண்ணை மூடினாலும் மங்கலாக இருந்தால், அல்லது சிவப்பும் பச்சையும் வெளுத்துத் தெரிந்தால், மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். டிபி மருந்துகளில் ஒன்றான எத்தாம்புடால் பார்வை நரம்பைப் பாதிக்கலாம், உள்ளழுத்தமும் பாதிக்கலாம். இரண்டையும் ஆரம்பத்தில் பிடித்தால் பார்வையைக் காப்பாற்றலாம்.

அதேபோல, தலைவலி நாளுக்கு நாள் ஏறினாலும், காலையில் எழுந்ததும் வாந்தி வந்தாலும், கூப்பிட்டால் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும், வலிப்பு வந்தாலும், ஒரு பக்கக் கையோ காலோ தளர்ந்தாலும், பேச்சு குழறினாலும், ராத்திரி எத்தனை மணியானாலும் 108ஐ அழையுங்கள். மேலூரிலிருந்து மதுரைக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம்தான் ஆகும். பெரியாஸ்பத்திரியில் எந்நேரமும் ஸ்கேனும் அறுவை சிகிச்சையும் செய்ய ஆள் இருக்கிறது. விடியட்டும் என்று காத்திருந்த சில மணி நேரத்தில் கண் பார்வையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் உங்களுக்கு வரக் கூடாது.

மொத்தச் சிகிச்சை 9 முதல் 12 மாதம் ஓடும், கட்டிகள் இருந்தால் அதற்கு மேலும் நீளலாம். ஸ்டீராய்டு அதில் சில வாரமோ சில மாதமோதான். இந்த முறை இன்னும் மெதுவாகக் குறைப்பார்கள். எந்த வாரம் எத்தனை மாத்திரை என்று டாக்டரிடம் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிகள் சுருங்க மாதங்கள் ஆகும். தம்பி நன்றாக இருக்கும்போது ஸ்கேனில் ஒரு புள்ளி மிச்சமிருந்தால் அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

பரீட்சையை இந்த முறை விட்டுவிடுங்கள். இரண்டிரண்டாகத் தெரிகிற கண்ணோடு மூன்று மணி நேரம் எழுதுவது முடியாத காரியம், அந்தத் தூக்கமின்மையும் படபடப்பும் அவனுக்கு ஆகாது. மருத்துவச் சான்றிதழ் வாங்கிக் கல்லூரி முதல்வரிடம் நேரில் கொடுத்து, அடுத்த பருவத்தில் எழுத அனுமதி கேளுங்கள். படிக்க ஆசைப்பட்டால், ஒரு கண்ணை மாற்றி மாற்றி மறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படிக்கட்டும். பார்வை சரியாகும் வரை வண்டி ஓட்ட விடாதீர்கள். கிணற்றுப் பக்கமும் தனியாக அனுப்பாதீர்கள்.